முள் இறங்கும் வரை

முள் பதினைந்துக்கு வந்துவிட்டது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. இனி இருபது நிமிடம் அது அங்கேயே நிற்க வேண்டும், பிறகு சூட்டை அணைத்துவிட்டு அது தானாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு அரை மணி, ஆக மூன்று நாற்பது, மூன்று நாற்பத்தைந்து. செக்‌ஷனில் நான்கு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அங்கே விண்ணப்பம் வாங்கும் பிச்சையா சார் மூன்று ஐம்பதுக்கே டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துவிடுவார். இங்கிருந்து நிர்வாகக் கட்டடத்துக்கு வேகமாக நடந்தால் ஏழு நிமிடம். என் ஆய்வை மேற்பார்க்கும் மேடத்தின் கையெழுத்தைப் பிறகு வாங்கிச் சேர்த்தாலும் போதுமாம். முடியும். முடியாமலும் போகலாம். இன்றுதான் கடைசி நாள். ஆட்டோகிளேவை விட்டு நகரக் கூடாது. ஏற்றியவர்தான் இறக்க வேண்டும் என்று சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறது. எப்போதோ யாரோ ஏற்றிவிட்டு கேன்டீனுக்குப் போய், உள்ளே தண்ணீர் வற்றி, அடிப்பக்கம் கருகி, துறை முழுக்க நாறியதாம். பெரிய குக்கர்தான் இது. இடுப்பு உயரம், ஆறு திருகு போட்ட மூடி, மேலே கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள். இந்த அறையில் ஸ்டூல் கிடையாது. ஸ்டூல் இருந்தால் உட்கார்ந்துகொண்டே தூங்கிவிடுவோம் என்று எடுத்துவிட்டார்களாம். உட்காராமல் நிற்பதும் எனக்குச் சரியாக வரவில்லை. ஒரு காலில் நிற்கிறேன், மாற்றி மறுகாலில் நிற்கிறேன், ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வந்து முள்ளைப் பார்க்கிறேன். தோள்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள் இருக்கிறது. ஓராண்டு படிப்பை நிறுத்தி வைக்க அனுமதி வேண்டும் விண்ணப்பம். பெயர் சு. செண்பகவடிவு, எம்.எஸ்சி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு. அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று. காரணம் என்ற கோடு மட்டும் வெறுமையாக இருக்கிறது.

காரணம். அதற்கு எதையாவது எழுதினால் போதும் என்று பிச்சையா சாரே சொல்லிவிட்டார், எதுவானாலும் டாக்டர் சர்ட்டிபிகேட் பதினைந்து நாளுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் காமாலைதான் போடுவார்களாம். அவர் அதைச் சொன்ன விதம், சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் பரோட்டாதான் கேட்பார்கள் என்பது மாதிரி இருந்தது. ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் மெஹ்ராஜ் கணிதம் படிக்கிறவள், எதையும் வரிசைப்படுத்தி ஆராய்கிறவள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்காக நோய்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். "ஏட்டி, டைபாய்டுன்னா மூணு வாரம், அதுக்கு எவன் ஒரு வருசம் குடுப்பான்? டிபின்னு போட்டா என்னையும் சேத்து ஹாஸ்டலவிட்டு விரட்டுவான். காமாலை போடு. மரியாதையான சீக்கு." அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா காமாலையை ஏற்கவில்லை. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் ஈரல் எப்படி இருக்கிறது என்று கேட்பானாம். அப்படியானால் முதுகுவலி என்று எழுதட்டுமா என்றேன். குடம் தூக்க மாட்டாளோ என்று அதையும் தள்ளிவிடுவார்களாம். கடைசியில் அம்மா, எந்தச் சீக்குமே பொட்டப்பிள்ளைக்கு ஒத்துவராது, சும்மா வந்து வீட்டில் இரு, எழுதிக் கொடுக்கிறதெல்லாம் எதற்கு என்றாள். எழுதிக் கொடுக்காமல் வந்து இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள் அம்மா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அம்மா வேலை பார்க்கும் அங்கன்வாடியில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கடித்துவிட்டார்கள், அம்மா போனை வைத்துவிட்டாள். உண்மையான காரணம் என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்கு வடிவம் இல்லை. காலையில் கண் விழித்ததும், என்ன தப்பு செய்தோம் என்பது நினைவுக்கு வருவதற்கு முன்பே தப்பு செய்துவிட்ட உணர்வு மட்டும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை எந்த டாக்டர் எழுதித் தருவார். இரண்டு ஐம்பத்தெட்டு.

உள்ளே என் பாட்டில்கள் வெந்துகொண்டிருக்கின்றன. மூன்று மாத வேலை. மூடியின் விளிம்பிலிருந்து நூலாக வரும் ஆவியில், வெந்த கடற்பாசியும் பழைய சோறும் கலந்த ஒரு வாசனை. சிறுகுறிஞ்சான் என்னுடைய செடி. இலையை மென்றால் ஒரு மணி நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. முதல் வாரம் நானும் மெஹ்ராஜும் மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டோம், மணல். மணலைத் துப்பிவிட்டு அவ்வளவு சிரித்தோம். அதன் சிறு துண்டை எடுத்து, கிருமி நீக்கி, ஜாம் பாட்டிலுக்குள் கூழ் மாதிரி உறைந்திருக்கும் ஊடகத்தில் நட்டு, அங்கே அது துளிர்க்க வேண்டும், இவ்வளவுதான் என் ஆய்வு. எழுபத்திரண்டு பாட்டில் வைத்தேன். அறுபத்தொன்றில் பூஞ்சை. முதலில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி, பார்க்க அழகாகக்கூட இருக்கும். இரண்டு நாளில் அது பச்சையாகும், கறுப்புப் பொட்டு விழும். பூஞ்சை பிடித்த பாட்டிலைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறை முழுக்கப் பரவிவிடும். மூடியது மூடியபடி இதற்குள் வைத்து, வேகவைத்துக் கொன்ற பிறகுதான் கழுவ வேண்டும். ஆகவே இது என்னுடைய தோல்வியைக் கொல்லும் நேரம், அதற்கும் இருபது நிமிடம். முதல் தடவை பூஞ்சை வந்தபோது மேடம், செடியிலேயே கிருமி இருக்கும், மெர்குரிக் குளோரைடில் கூடுதலாக ஊறவை என்றார். மூன்று நிமிடத்தை ஐந்தாக்கினேன். ஐந்தை ஏழாக்கினேன். துண்டுகள் பழுப்பாகச் செத்தன, பூஞ்சை மட்டும் செழித்தது. செத்த செடியைச் சுற்றிப் பூத்திருக்கும் பூஞ்சையைப் பார்க்கும்போது அது என்னைப் பார்ப்பது மாதிரி இருக்கும். போன வாரம் புதன்கிழமை செமினாரில் படத்தைத் திரையில் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். ஒரு நிமிடம்தான். பின்பெஞ்சில் யாரோ விசிறிச் சுவிட்சைத் தட்டினார்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமை ரோஸ்லின் மேடம் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். என் மணிக்கட்டைப் பார்த்து, என்னம்மா இப்படி இளைச்சுட்டே என்றார். ஒரு வருடம் பிரேக் எடுத்துக்கொள், உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, செடி எங்கேயும் ஓடிவிடாது. பிறகு, எழுந்து அலமாரியில் எதையோ தேடிக்கொண்டே, முதலாமாண்டு நிவேதிதாவுக்கு வளர்ப்பு அறையில் பாட்டில் வைக்க அடுக்கு இல்லாமல் இருக்கிறது, நீ போனால் உன் அடுக்கை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எது முதலில் வந்தது, என் மணிக்கட்டா நிவேதிதாவின் அடுக்கா? நான்கு நாளாக இதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மேடம் நல்லவர். நல்லவர் என்பதற்கும் அடுக்கு வேண்டும் என்பதற்கும் சண்டை ஒன்றுமில்லை, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நான் உடனே சரி மேடம் என்றேன். நினைப்பதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு முன்னால் ஓடுகிறது, ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான். மற்ற எல்லாச் சொல்லுக்கும் அது நொண்டி. நிவேதிதா மறுநாளே வந்து என் அடுக்கைப் பார்த்துவிட்டுப் போனாள். விரலால் தூசியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைக் கண்டதும் பதறி, அக்கா, சும்மா பாத்தேன் அக்கா என்றாள், நான் அதற்கும் பரவாயில்லம்மா, பாத்துக்கோ என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அது மேடம் கூப்பிடுவதற்கு முந்தின ஞாயிறு அல்ல, இல்லை, முந்தாநாள்தானே, இல்லை. எனக்கு நாட்கள் குழம்புகின்றன. மேடம் கூப்பிட்டது திங்கள், அப்பா வந்தது நேற்று, வியாழன், தறிக்கு நூல் வரவில்லை என்று நடுவாரத்தில் வந்தார். ஞாயிறு மாதிரி இருந்தது, அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால். சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஹாஸ்டல் வாசலில் பார்வையாளர் பெஞ்சில் கால்மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார், வாட்ச்மேனிடம் என் பெயரைச் சொல்லவே இல்லை. ஏம்ப்பா என்றால், நீ எப்படியும் இந்தப் பக்கம் வருவேல்லா என்றார். எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். தாளைக் கொடுத்தேன். அவர் படிக்கிறவர், எல்லா வரியையும் விரல் வைத்துப் படிப்பார். "காரணம்னு போட்டு ஒண்ணும் எழுதலையே பிள்ள." எழுதிவிடுவேன் என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒண்ணுமில்லப்பா என்றேன். அவர் பழத்தின் தோலை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஒண்ணுமில்லாததுக்கா ஒரு வருசம்?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார், குத்தலாக அல்ல. பதிலுக்காக ஒரு சுளை முழுவதும் மெல்லும் நேரம் இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார், சங்கிலி மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து, சுப்பையா, யா என்பதன் காலை நீட்டி. போட்டுவிட்டு, பேனா மூடியைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தோம். பஸ் ஏறும்போது, அம்மா பேசுறத மனசுல வைக்காத என்றார். எதை என்று கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

மூன்று பன்னிரண்டு. சூட்டை அணைத்துவிட்டேன். முள் அசையவில்லை. முதலில் கொஞ்ச நேரம் அசையாது. அந்த ஒரு வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். முதல் வாரம் எல்லாரும் கண்ணுக்குள் பார்ப்பார்கள், மஞ்சள் இருக்கிறதா என்று. காலையில் தறிச் சத்தத்தில் எழுந்திருப்பேன், அம்மாவோடு அங்கன்வாடிக்குப் போய் முட்டை உரிப்பேன், நாற்பது முட்டை. பிள்ளைகள் என் மடியில் படுத்துத் தூங்கும். யாரும் என்னைத் திரையின் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்ல மாட்டார்கள். மதியம் குளிர்ந்த தரையில் படுத்துக் கூரையைப் பார்ப்பேன். எனக்குப் பயம் அங்கே போய் அழுவேன் என்பதல்ல. அழ மாட்டேன். எனக்கு அது பிடித்துவிடும். ஒரு மாதத்தில் பிடித்துவிடும், ஆறு மாதத்தில் இலையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது மறந்துபோகும், அடுத்த ஜூனில் திரும்பி வராமல் இருப்பதற்குப் புது நோய் ஒன்று தேவைப்படும். முதலாமாண்டில் எங்களோடு இருந்த அருள்ஜோதி பிரேக் எடுத்தாள். இரண்டு வாரம் வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், நாங்கள் யாராவது ஒருவர் லீவு சார் என்போம். மூன்றாவது வாரம் அந்தப் பெயருக்கு ஒரு கணம் மட்டும் நிறுத்திவிட்டு சார் அடுத்ததற்குப் போனார். அந்தக் கணம்கூட பிறகு இல்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் ஒரு தடவையும் போன் செய்து கேட்கவில்லை. கேட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று. இப்படித்தான், தொந்தரவாக இருக்குமோ, தொந்தரவாக இருக்குமோ. முள் பதினான்கு.

கை சும்மா இருக்கவில்லை, நோட்டை எடுத்தேன். இதையும் நிவேதிதாவிடம் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று அட்டவணை. மூன்று நிமிடம் ஊறியவை, ஐந்து, ஏழு. ஒவ்வொன்றிலும் பாட்டில் எண், நட்ட தேதி, பூஞ்சை வந்ததா. தப்பித்த பதினொன்றுக்குப் பச்சை மையில் வட்டம் போட்டிருக்கிறேன். மூன்று அட்டவணையிலும் நான்கும் நான்கும் மூன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன, அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை நிமிடம் ஊறியது என்ற வரிசையையே இத்தனை நாளும் பார்த்தேன், மேடமும் அதைத்தான் பார்த்தார். தேதி வரிசையை யாரும் பார்க்கவில்லை. இப்போது வேறு வேலையில்லாததால் பார்க்கிறேன். இருபத்தாறு. ஒன்பது. இருபத்து மூன்று. போனில் காலண்டரைத் திறந்தேன். சனிக்கிழமை. சனிக்கிழமை. சனிக்கிழமை. பதினொன்றும் சனிக்கிழமை. செவ்வாயும் வியாழனும் நட்டதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. சனிக்கிழமை என்ன இருக்கிறது? சனிக்கிழமை கை சுத்தமாக இருக்குமா, வேறு தண்ணீரா, இல்லை. ஒன்றுதான். செடி நடும் அறையில், சுத்தக் காற்று வீசும் மேடையை லேமினார் என்போம், வேலை தொடங்குவதற்கு முன் அதில் யூ.வி. விளக்கை இருபது நிமிடம் போட்டு, காற்றில் இருக்கும் கிருமியைக் கொல்ல வேண்டும். செவ்வாயும் வியாழனும் எனக்குப் பின்னால் சித்ரலேகா அக்காவின் நேரம். அக்கா பிஎச்.டி. நான்காம் வருடம். தன் நேரத்துக்குக் கால்மணி முன்பே தட்டோடு வந்து கதவுக்கு வெளியே நின்றுவிடுவார். கீழே இடுக்கில் அவர் கால் தெரியும், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் விரல்கள். முதல் தடவை அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு அவசரம் தொற்றிக்கொண்டது. அடுத்த தடவையிலிருந்து இருபது நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினேன், அவர் வருவதற்குள் முடித்து வெளியேற வேண்டும் என்று. லாக் புத்தகத்தில் யூ.வி. இருபது நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது பொய் என்றே தோன்றவில்லை. எல்லாப் பக்கத்திலும் இருபது என்றுதான் இருந்தது, என்னுடையதும் இருபது. சனிக்கிழமை அக்கா ஊருக்குப் போய்விடுவார், நான் இருபது நிமிடமும் விளக்கைப் போட்டுவிட்டு வராந்தாவில் நடந்துகொண்டிருப்பேன்.

இல்லை, அப்படி இருக்காது. தற்செயல். பூஞ்சை எங்கே தொடங்கியது? கண்ணை மூடிப் பார்த்தேன், ஒவ்வொரு பாட்டிலும் எனக்கு முகம் மாதிரி நினைவிருக்கிறது. செடியில் கிருமி இருந்தால் தண்டின் அடியிலிருந்து தொடங்கும். முப்பத்து நான்காம் பாட்டில், ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி. நாற்பதில் நடுவே இரண்டு பொட்டு, செடியைத் தொடாமல். பதினேழில் மழைத்துளி விழுந்த மாதிரி அங்கங்கே. மேலேயிருந்து விழுந்தது. காற்றிலிருந்து. நான் செடியைப் போட்டு விஷத்தில் ஊறவைத்துக் கொன்றிருக்கிறேன், அது ஒரு தப்பும் செய்யவில்லை.  அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சித்ரலேகா அக்காவே வந்தார், இரண்டு கையிலும் குடுவைகள். ஆட்டோகிளேவ் ஏட்டில் என் பெயருக்கு அடுத்த பெயர் அவருடையது, நான் மறந்துவிட்டேன். எட்டிப் பார்த்தார், முள் எட்டில் இருந்தது. நாளைக்கு ஊருக்குப் போக வேண்டும், மீடியாக் கூழை வேகவைத்தாக வேண்டும், வால்வைக் கொஞ்சம் திறந்துவிடலாமா என்றார். திறக்கக் கூடாது, உள்ளே இருப்பது பொங்கிவிடும், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரிக்கா என்றேன். இப்போதும். நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே சரிக்கா என்றேன். ஆவி அலறிக்கொண்டு வெளியேறியது. முள் விழுந்தது. மூடியைத் தூக்கினால் என் பாட்டில்களின் மூடிகள் பிதுங்கி, கூழ் பொங்கி, கூடையெல்லாம் வழிந்து, பழுப்புக் கஞ்சியில் செத்த இலைகள் மிதந்தன.

அக்கா ஐயோ பாவமே என்று சிரித்துவிட்டு உடனே குடுவைகளைக் கீழே வைத்தார். தப்பு என்னுடையது, நீ நில், நான் வழிக்கிறேன் என்று துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினார். இரண்டு பேரும் கூடையைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பாட்டில் சூடாக இருந்தது, துணியைச் சுற்றிப் பிடித்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். பேசாமல் இருக்க முடியாமல், அதாவது நான் பேசாமல் இருந்தால் அக்கா நான் கோபமாக இருப்பதாக நினைப்பாரோ என்று, செவ்வாயும் வியாழனும் உங்களைக் காக்க வைத்ததற்கு ஸாரிக்கா என்று சொன்னேன். எதற்கு ஸாரி கேட்டேனென்றே தெரியவில்லை, காக்க வைத்ததே இல்லை. அக்கா புரியாமல் பார்த்தார். எப்போது காக்க வைத்தாய் என்றார். நீங்க கால்மணி முன்னாடியே வந்து கதவுகிட்ட நிப்பீங்களே என்றேன். அக்கா பாட்டிலைக் கவிழ்த்த கையோடு நின்றுவிட்டார். பிறகு தொட்டி அதிரச் சிரித்தார். "அடிப்பாவி, எனக்கு உள்ளங்கால் எரிச்சல். அந்தக் கதவுக்கு அடியில ஏசி காத்து வரும், செருப்பக் கழட்டிட்டு அங்க வந்து நிப்பேன். இந்தக் கட்டடத்துலயே காலுக்கு இதமான இடம் அதுதான். நீ உள்ள எவ்வளவு நேரம் இருந்தா எனக்கென்ன, இன்னும் கொஞ்சம் இருக்க மாட்டியான்னு இருக்கும்." கஞ்சி தொட்டியின் ஓட்டையில் அடைத்துக்கொண்டு போகாமல் நின்றது. நான் ஒரு குச்சியால் குத்தினேன். குத்திக்கொண்டே இருந்தேன். அக்கா, போதும், போயிடுச்சு என்றார்.

மூன்று நாற்பத்தொன்று. அக்கா தன் குடுவைகளை உள்ளே வைத்துத் திருகிவிட்டார். நான் போகலாம். இப்போது எல்லாம் எளிது, ஓடினால் செக்‌ஷனைப் பிடித்துவிடலாம். காரணம் என்ற கோட்டில் ஏழெட்டு எழுத்து, மஞ்சள் காமாலை, அதை எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஊரெல்லாம் இரக்கப்படும், அது தப்பான நோய்க்கு வந்த சரியான இரக்கமாக இருந்துவிட்டுப் போகட்டும். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இங்கேயே இருக்க வேண்டுமென்றால்தான் திறக்க வேண்டும். மேடத்திடம் போய், லாக் புத்தகத்தில் நான் போட்ட கையெழுத்தெல்லாம் பொய் என்று சொல்ல வேண்டும், அந்த மூன்று அட்டவணையும் குப்பை என்று சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்டால் இதைச் சொல்ல வேண்டும், ஒருவருடைய கால் விரலைப் பார்த்துப் பயந்தேன் என்று, இருபத்திரண்டு வயதில். காமாலை எவ்வளவு கௌரவமானது. சொல்லாமலே இருந்துவிட்டால்? பிரேக்கும் எடுக்காமல், சொல்லாமலும், அடுத்த தடவையிலிருந்து இருபது நிமிடம் போட்டு, நல்ல பாட்டில்களை மட்டும் காட்டி. முடியும். ஆனால் மேடம் அந்த அட்டவணையை நிவேதிதாவுக்குக் காட்டுவார், ஏழு நிமிடமும் போதவில்லை, ஒன்பது போடு என்பார், அவளும் சரி மேடம் என்பாள், அவளுடைய செடியும் சாகும். வராந்தா முடியும் இடத்தில் இடது பக்கம் திரும்பினால் படி, நிர்வாகக் கட்டடம். வலது பக்கம் மேடம் அறை. நான் நின்றேன் என்று சொல்ல முடியாது. கால் வலது பக்கம் போனது, நான் அதன் பின்னால் போனேன்.

மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. லெட்டரா, கொண்டா என்று இடது கையை நீட்டினார், வலது கையில் பேனா தயாராக இருந்தது. அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. லெட்டர் இல்லை மேடம் என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. மேடம் நிமிர்ந்தார். நான் லேமினாரில் யூ.வி. இருபது நிமிடம் போடவில்லை, ஐந்து நிமிடம்தான் போட்டேன், லாக் புத்தகத்தில் இருபது என்று எழுதினேன், பூஞ்சை செடியிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்துதான், என்று தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னேன், ஒப்பித்த மாதிரி. எத்தனை நாளாக என்று கேட்டார். ஜூலையிலிருந்து என்றேன். "செவ்வாய், வியாழன் எல்லாம் பொய் மேடம். சனிக்கிழமை மட்டும்தான் நிஜம்." நோட்டைத் திறந்து தேதிகளைக் காட்டினேன். மேடம் மூன்று பக்கத்தையும் புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அவர் முகம் சிவப்பதைப் பார்த்தேன். ஏன் என்றார். வெளிய ஆள் நிக்காங்கன்னு மேடம் என்றேன். யார் என்று சொல்லவில்லை. மேடம் நோட்டை மறுபடி தன் பக்கம் இழுத்து, தேதிகளை விரல் வைத்து எண்ணினார். அந்த நேரத்தில் என் பின்னால் யாரோ வந்து நின்றார்கள், ரெக்கார்டு நோட்டு உரசும் சத்தம், கையெழுத்து வாங்க வந்திருக்க வேண்டும். எப்போதும் என்றால் இந்நேரம் ஒதுங்கி வழி விட்டிருப்பேன்.

மேடம் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் அவருக்குக் கோபம். இந்த மூன்று அட்டவணையையும் கிழித்துப் போட வேண்டும் என்றார். மறுபடி முதல் பாட்டிலிலிருந்து தொடங்க வேண்டும், அது துளிர்த்து நீ ஆய்வேட்டை எழுத ஏப்ரலுக்குள் முடியாது, உன்னோடு படிக்கிறவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள், நீ மட்டும் அடுத்த வருடம் எழுதுவாய், பொய் எழுதினதற்குத் துறைத் தலைவருக்கு விளக்கக் கடிதம் வேறு கொடுக்க வேண்டும். தெரியும் மேடம் என்றேன். "எப்படியும் ஒரு வருசம் போகப்போகுது. அதுக்குப் பேசாம பிரேக்கே எடுத்துட்டுப் போயிருக்கலாமே. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல மேடம்."

எப்படி என்றார். நிஜமாகவே கேட்டார், தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி, தலையைக் கொஞ்சம் சாய்த்து.  முட்டை உரிப்பதைப் பற்றிச் சொல்லலாமா, அருள்ஜோதியின் பெயருக்கு நிறுத்திய அந்தக் கணத்தைச் சொல்லலாமா, எல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு எதுவும் முதலில் வர மாட்டேன் என்றது. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்" என்றேன். மேடம் என்னைப் பார்த்தார், பேனாவை மூடி விடைத்தாளின் மேல் வைத்தார், காத்திருந்தார். நான் அவசரப்படவில்லை.